பட்டியலில் எழுபதுக்கும் கீழே ஒரு சிறு கல்லூரி: மகளை அனுப்பலாமா?

மார்ச் 23, 2025. கோவை வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். அமெரிக்காவில் இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று பெரிய மாநிலப் பல்கலைக்கழகம். பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் உதவித்தொகை ஒரு காசு இல்லை. மற்றொன்று ஒஹாயோ பக்கம் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. மொத்தமே 1,700 மாணவர்கள். ஆண்டுக்கு 42,000 டாலர் உதவித்தொகை தருகிறார்கள். ஆனால் யூ.எஸ். நியூஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கல்லூரித் தரவரிசையில் எழுபதுக்கும் கீழே இருக்கிறது. "எழுபதாவது கல்லூரிக்கா இவ்வளவு தூரம் அனுப்புகிறாய்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவளுக்கு உயிரியலிலும் பொருளாதாரத்திலும் ஆர்வம். கலைக் கல்லூரியில் அதெல்லாம் படிக்க முடியுமா? மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 23, இரவு

அனுப்பலாம் ஐயா.

அமெரிக்காவின் நடுமேற்கில் இப்படி ஒரு சிறு கல்லூரியில் 2017 வரை பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். தரவரிசைக்காரர்கள் அனுப்பும் கேள்வித்தாளுக்கு எண்களைத் திரட்டி நிரப்புவதுதான் எங்கள் அலுவலகத்தின் பெரும்பகுதி வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில், எந்தப் பட்டியலில் எழுபது என்று பாருங்கள். யூ.எஸ். நியூஸ் எல்லாக் கல்லூரிகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை. முனைவர் பட்டம் வரை நடத்தும் பெரிய பல்கலைக்கழகங்கள் தனிப் பட்டியல். இளநிலைப் படிப்பையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் இருநூற்றுச் சொச்சம். அவற்றுக்கு வேறு பட்டியல். இரண்டிலும் எழுபது உண்டு, இரண்டும் ஒன்றல்ல. சிறு கல்லூரிப் பட்டியலில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முதலிடத்தில் இருப்பது வில்லியம்ஸ் கல்லூரி. உங்கள் உறவினர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

'கலை' என்ற சொல் நம் ஊரில் குழப்புகிறது. நம்மிடம் 'கலை அறிவியல் கல்லூரி' என்று ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அதுதான் இதற்குப் பொருத்தம். உயிரியல், கணிதம், இயற்பியல், பொருளாதாரம் எல்லாம் இதற்குள் அடங்கும். ஸ்வார்த்மோர் என்ற சிறு கல்லூரியில் பொறியியல் பட்டமே உண்டு. போர்ட்லாந்தில் உள்ள ரீட் கல்லூரியில் ஆராய்ச்சி அணு உலை ஒன்று இருக்கிறது. உரிமம் பெற்று அதை இயக்குபவர்கள் இளநிலை மாணவர்கள்.

மார்ச் 24

"எண்களை நிரப்பினேன் என்கிறீர்களே, அதில் என்னதான் இருக்கும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தரவரிசை மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு, மற்றக் கல்லூரிகள் உங்களைப் பற்றி என்ன நினைக்கின்றன என்பது. தலைவர், கல்வித்துறைத் தலைமை, சேர்க்கைத் தலைமை ஆகிய மூவருக்கும் படிவம் வரும். இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை, அல்லது 'தெரியாது' என்று குறிக்க வேண்டும். என் மேலதிகாரி ஒருவர் மதிய உணவு நேரத்தில் அதை நிரப்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர், நேர்மையானவர். பதினைந்து கல்லூரிகளை நேரில் அறிவார். மீதிக்கு அவர் கை நின்றது, பிறகு மூன்று, மூன்று, மூன்று என்று கீழே இறங்கியது. தெரியாது என்று போட அவருக்குக் கூச்சம்.

வகுப்பளவும் கணக்கில் உண்டு. இருபதுக்கும் குறைவான மாணவர்கள் உள்ள வகுப்புகள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். அதனால் பல இடங்களில் வகுப்பின் உச்சவரம்பு பத்தொன்பது. ஓர் ஆகஸ்ட் மாதம், பதிவாளர் அலுவலக மேசை முன்னால் ஒரு பெண் மஞ்சள் படிவத்தோடு நின்றாள். கவிதை வகுப்பில் சேர வேண்டும், பேராசிரியர் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். அவள் இருபதாவது ஆள். "வசந்த பருவத்தில் வா" என்று சொல்லி அனுப்பினார்கள். கணக்கெடுப்பது இலையுதிர் பருவத்தில்தான். வசந்தத்தில் அந்த வகுப்பு நடக்கவில்லை. அந்தப் படிவத்தை நான்கு மடிப்பாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் போனது இன்றும் கண்ணில் நிற்கிறது.

விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் தந்தார்கள் என்ற விகிதமும் மதிப்பெண்ணில் சேரும். அதைக் குறைக்கத்தான் எல்லோரையும் விண்ணப்பிக்கத் தூண்டுகிறார்கள்.

மார்ச் 25

திருத்தம். நேற்று எழுதியதில் இரண்டு செய்திகள் பழையவை என்று ஒரு தம்பி சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிபார்த்தேன், அவர் சொன்னது சரி.

அனுமதி விகிதத்தை 2018-லேயே எடுத்துவிட்டார்கள். இடம் கிடைத்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் சேர்ந்தார்கள் என்ற கணக்கு அதற்கும் முன்னால், 2003-லேயே போய்விட்டது. 2023 செப்டம்பரில் வெளிவந்த பட்டியலில் வகுப்பளவையும் நீக்கினார்கள். முன்னாள் மாணவர் நன்கொடை, பள்ளி வகுப்பில் மாணவர் பெற்ற இடம், உச்சப் பட்டம் பெற்ற ஆசிரியர் விகிதம் ஆகியவையும் அதோடு போயின. பதிலாக, அரசின் பெல் உதவித்தொகை பெறும் ஏழை மாணவர்கள் பட்டம் முடிப்பது போன்றவற்றுக்கு எடை கூடியது.

பெல் கணக்கு நல்ல மாற்றம். வகுப்பளவு போனது எனக்கு உறுத்துகிறது. அந்தப் பத்தொன்பதைப் பற்றி நேற்று கோபமாக எழுதினேன். இரவெல்லாம் அதையே யோசித்தேன். அந்தப் பெண்ணுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் பத்தொன்பது பேர் உட்கார்ந்த அந்த அறை பொய்யில்லை. ஆசிரியருக்குப் பத்தொன்பது பெயரும் தெரியும். ஒவ்வொருவரின் கட்டுரையும் சிவப்பு மையோடு திரும்பி வரும். சிறு கல்லூரி பெரியதைவிட மேலாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான், அதை அளந்த கோலையே இப்போது எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 25, பிறகு

அனுமதி விகிதம் இப்போது மதிப்பெண்ணில் இல்லை என்றாலும் அதன் மேல் உள்ள மோகம் போகவில்லை. மெய்ன் மாநிலத்தின் கோல்பி கல்லூரியைப் பாருங்கள். விண்ணப்பக் கட்டணத்தையும் கூடுதல் கட்டுரையையும் நீக்கினார்கள். 2014-ல் நூற்றுக்கு 28 பேருக்கு இடம் தந்த கல்லூரி சில ஆண்டுகளிலேயே நூற்றுக்குப் பத்துக்கும் கீழே வந்தது. கட்டணத்தை நீக்கியது ஏழைப் பிள்ளைக்கு உதவி; அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து, பாடம் நடத்துவது மூன்று மடங்கு உயர்ந்துவிட்டது என்று பெற்றோர் நினைத்தால் அது தவறு.

மார்ச் 27

ரீட் கல்லூரியின் கதையை யாரோ கேட்டீர்கள். அதை அவசரமாகச் சொல்ல மனமில்லை.

ரீடில் மாணவருக்கு மதிப்பெண் கேட்டால்தான் காட்டுவார்கள். கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் எழுதும் குறிப்புதான் அங்கே பெரிது. கடைசி ஆண்டு ஆய்வேடு எழுதாமல் யாரும் பட்டம் வாங்க முடியாது. பட்டம் பெற்றவர்களில் பின்னாளில் முனைவர் ஆனவர்களின் விகிதத்தைப் பார்த்தால், நாட்டின் முன்வரிசைக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஹார்வி மட், ஸ்வார்த்மோர், கார்ல்டன், கிரின்னல் எல்லாம் அதே கூட்டம்.

1995-ல் அந்தக் கல்லூரி, இனி தரவரிசைக்கு எண் தரமாட்டோம் என்று நிறுத்தியது. உடனே பட்டியலின் அடித்தட்டில் போய் விழுந்தது. கல்லூரியில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. அதே ஆசிரியர்கள், அதே ஆய்வேடுகள். பிறகு, 2019 பதிப்பில் அதை 90-ஆவது இடத்தில் வைத்திருந்தார்கள். அங்கே புள்ளியியல் படித்த மாணவர்கள் பட்டியலின் சூத்திரத்தைத் தாங்களே மறுபடி கட்டிப் பார்த்தார்கள். எண் தந்த கல்லூரிகளைப் போலவே நடத்தியிருந்தால் 38-ஆவது இடம் வந்திருக்கும் என்று கணக்கு காட்டினார்கள். ஐம்பத்திரண்டு இடங்கள்! இருபது வயதுப் பிள்ளைகள் வகுப்புப் பாடமாகச் செய்த வேலை இது. அந்தக் கல்லூரியின் தரத்துக்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

2023 பிப்ரவரியில் கொலராடோ கல்லூரியும் விலகியது. 27-ஆவது இடத்தில் இருந்துகொண்டு விலகுவதற்குத் துணிவு வேண்டும்.

மார்ச் 28

எண்களைத் திரித்தவர்களும் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, ஊரறிந்ததுதான். கலிபோர்னியாவின் கிளேர்மாண்ட் மெக்கென்னா கல்லூரி, சேர்க்கை அதிகாரி ஒருவர் 2005 முதல் எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்களை உயர்த்தி அனுப்பிவந்தார் என்று 2012 ஜனவரியில் தானே அறிவித்தது. பெரிய பல்கலைக்கழகமும் தப்பவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எண்கள் பொருந்தவில்லை என்று அங்கேயே பாடம் நடத்தும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022-ல் எழுதினார். அந்த ஆண்டே அது 2-லிருந்து 18-க்கு இறங்கியது. தன் வீட்டுக் கணக்கைத் தானே எடுத்துப் பார்த்த மனிதர் அவர். நான் அவரை மிகவும் மதிக்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் திரிக்கவில்லை. ஆனால் எந்த மாணவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒவ்வோர் ஆண்டும் இரண்டு வாரம் வாதாடுவோம். விதிக்குள் நின்றுகொண்டே எண்ணை ஏற்றும் வழிகள் நிறைய. அந்த வாதங்களில் கல்லூரிக்குச் சாதகமான பக்கத்தில் நானும் பேசியிருக்கிறேன். இன்று அது எனக்கு வருத்தம்.

மார்ச் 30

கோவை ஐயா மறுபடி எழுதியிருக்கிறார்: "முதல் பத்தில் ஒன்றுக்கு அடுத்த ஆண்டு முயலலாமா? ஓராண்டு பொறுக்கச் சொல்கிறார் மைத்துனர்."

முதல் பத்தை ஒட்டிய இடங்களை எண்ணிப் பாருங்கள். கடற்படை, தரைப்படை, விமானப்படைக் கல்விக்கூடங்கள் மூன்றும் அதே பட்டியலில் மேலே நிற்கின்றன. அன்னாபொலிஸ், வெஸ்ட் பாயிண்ட் என்றெல்லாம் பெயர் கேட்டிருப்பீர்கள். அவை அமெரிக்கக் குடிமக்கள், தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையோடு சேரும் இடங்கள். நாமாக விண்ணப்பிக்க வழியில்லை. வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரி. உங்கள் மகளுக்குச் சரி, மகனாக இருந்தால் இல்லை. மீதி இருப்பவற்றில் வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பாராமல் முடிவெடுப்பவை ஆம்ஹர்ஸ்டும், 2022 முதல் போடோயினும். மற்ற இடங்களில் உதவி கேட்டாலே வாய்ப்பு குறையும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்றவை திறமைக்காகப் பணம் தருவதில்லை. குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் தருகின்றன. 'உன் பிள்ளை வேண்டும், இதோ 42,000' என்று சொல்வது உங்களுக்குக் கிடைத்ததைப் போன்ற கல்லூரிகள்தாம். பட்டியலில் கீழே வரவரத்தான் இந்தப் பணம் கண்ணில் படும்.

ஓராண்டு பொறுத்தால் இந்தக் கடிதம் மறுபடி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மார்ச் 31

நேற்று எழுதியதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் 'அனுப்பலாம்' என்று ஒரே வரியில் எழுதியது அவசரம்.

பெரிய தள்ளுபடி இரண்டு காரணங்களால் வரும். உங்கள் மகளை உண்மையாகவே விரும்பி வரலாம். இருக்கைகள் காலியாக இருப்பதாலும் வரலாம். அமெரிக்காவில் 2008-க்குப் பிறகு பிறப்பு குறைந்தது. அந்தக் குழந்தைகள் இப்போதுதான் கல்லூரி வயதுக்கு வருகிறார்கள். சிறு கல்லூரிகளுக்கு இது பெரிய அடி. நியூயார்க் மாநிலத்தில் 1868-ல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி, 2024 ஏப்ரல் இறுதியில் அறிவித்து அந்தப் பருவத்தோடு மூடிவிட்டது. மாணவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில வாரங்கள். வர்ஜீனியாவின் ஸ்வீட் பிரயர் 2015-ல் மூடப்போவதாக அறிவித்தபோது, பழைய மாணவிகள் பணம் திரட்டி நீதிமன்றம் போய் அதைக் காப்பாற்றினார்கள். எல்லாக் கல்லூரிக்கும் அப்படி மகள்கள் வாய்ப்பதில்லை.

ஆகவே கல்லூரியின் உடல்நிலையைப் பாருங்கள். கூகுளில் அந்தப் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள். நாங்கள் ஆண்டுதோறும் நிரப்பிய அதே ஆவணம்; பெரும்பாலான கல்லூரிகள் இணையத்தில் வைத்திருக்கும். ஐந்து ஆண்டுகளுக்குரியதை இறக்கி, பி பகுதியில் முதலாண்டு மாணவர் எண்ணிக்கையை வரிசையாக எழுதுங்கள். ஆண்டுக்கு ஆண்டு வழுக்குகிறதா? அதே பகுதியின் கடைசியில், முதலாண்டு முடிந்து இரண்டாமாண்டுக்குத் திரும்பியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று இருக்கும். எண்பத்தைந்துக்கு மேல் என்றால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். எச் பகுதியில், எச்6 என்ற இடத்தில், வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேருக்கு உதவி, சராசரி எவ்வளவு என்று போட்டிருக்கும். உங்களுக்குச் சொன்ன தொகை அந்தச் சராசரியோடு ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். சி7-ல் சேர்க்கைக்கு எது எவ்வளவு முக்கியம் என்று அவர்களே குறித்திருப்பார்கள். வகுப்பளவு ஐ பகுதியில். பட்டியல் எடுத்துவிட்டாலும் அங்கே இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 2

கிரின்னல் பெயரை அன்று சொன்னேன். அதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது, எழுதிவிடுகிறேன்.

அயோவாவில் சோளக் காட்டுக்கு நடுவே ஒரு சிற்றூர். அங்கே 1940-களில் இயற்பியல் படித்த ராபர்ட் நாய்ஸ் என்ற மாணவர், விடுதி விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் பன்றி ஒன்றைத் திருடிவிட்டார். அந்த ஊரில் அது சிறு குற்றமில்லை. நிரந்தரமாக வெளியேற்றப்பட்டிருக்க வேண்டியவர். அவருடைய ஆசிரியர் கிராண்ட் கேல் அவருக்காகப் பேசினார். ஒரு பருவ நீக்கத்தோடு தப்பினார். டிரான்சிஸ்டர் என்ற சிறு மின்னணுப் பாகம் கண்டுபிடிக்கப்பட்ட புதிதில், அதைக் கண்டுபிடித்த பெல் ஆய்வகத்துத் தொடர்பால் அதை வரவழைத்து வகுப்பில் காட்டியவர் அதே கேல். திரும்பி வந்த நாய்ஸ் அதைக் கற்றார். 1968-ல் கணினிச் சில்லு செய்யும் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஆனார். தொடங்கும்போதே கிரின்னல் கல்லூரி அதில் பணம் போட்டது. முதலீட்டுக்கு வழிகாட்டிய அறங்காவலர்களில் வாரன் பஃபெட்டும் ஒருவர். இன்று அந்தச் சிறு கல்லூரியின் நிதி இருநூறு கோடி டாலருக்கும் மேல்.

ஆசிரியர் ஒருவருக்குத் தன் மாணவன் யார் என்று தெரிந்திருந்தது. அதிலிருந்து இத்தனையும். எந்தச் சூத்திரத்தில் இதற்குக் கட்டம் போடுவார்கள்?

ஏப்ரல் 5

"ஆசியப் பிள்ளைகள் என்றால் இடத்தைக் குறைக்கிறார்களாமே?" என்று ஒருவர் கேட்கிறார். 2023 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு முதலில் சேர்ந்த அணியில், ஆம்ஹர்ஸ்டில் கறுப்பின மாணவர் பங்கு நூற்றுக்கு 11-லிருந்து 3-ஆக விழுந்தது. நம் பிள்ளைக்கு இடம் கூடுமா என்ற கண்ணோடு மட்டும் அந்த எண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஏப்ரல் 9

கொஞ்சம் விலகிப் போகிறேன். 'பெயர் தெரியாத அமெரிக்கக் கல்லூரிகள்' என்று ஒருவர் எழுதியதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது. இந்தக் கல்லூரிகள் நமக்கு அன்னியமல்ல.

1806-ல் வில்லியம்ஸ் மாணவர்கள் ஐந்து பேர் மழைக்கு ஒரு வைக்கோல் போரின் அடியில் ஒதுங்கினார்கள். அங்கே செய்த பிரார்த்தனையிலிருந்துதான் அமெரிக்க மிஷன் சங்கத்தின் எண்ணம் பிறந்தது என்பார்கள். 1810-ல் சங்கம் அமைந்தது, 1816-ல் யாழ்ப்பாணம் வந்தது. 1823-ல் அங்கே வட்டுக்கோட்டைக் குருமடம் என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கியது. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஏட்டிலிருந்து தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்தாரே, அதே தாமோதரம்பிள்ளை. அதே மிஷன் 1834-ல் மதுரைக்கு வந்தது. 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி அதன் வழி வந்ததுதான். 1862-ல் சென்னையில் வெளியான பெரிய தமிழ்-ஆங்கில அகராதியைத் தொகுத்த வின்ஸ்லோ, வெர்மாண்டின் மிடில்பரி கல்லூரியில் 1815-ல் பட்டம் பெற்றவர். அதுவும் இந்தப் பட்டியலில் உள்ள ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. என் மேசையில் அந்த அகராதியின் மறுபதிப்பு இருக்கிறது. பல்லாயிரம் சொற்கள்.

மதம் பரப்ப வந்தவர்கள் என்பதை மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்த வரலாறும் தெரியும். ஆனால் மொழி, கணிதம், வானியல் என்று எல்லாவற்றையும் ஒரே மாணவன் படிக்க வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணுக்கு ஒரு வழியில் இந்தச் சிறு கல்லூரிகளிலிருந்தும் வந்தது.

ஏப்ரல் 12

பணக் கடிதத்தைப் பற்றி. கோவை ஐயா தம் கடிதத்தின் விவரத்தை எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் என் வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது.

என் மகளுக்கு ஒரு கல்லூரியிலிருந்து 'மொத்த உதவி 39,000' என்று கடிதம் வந்தது. சமையலறை மேசையில் வைத்து மூவரும் மகிழ்ந்தோம். இரவு பாத்திரம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன். நான்காவது வரியில் மாணவர் கடன், ஐந்தாவது வரியில் பெற்றோர் கடன், ஆறாவது வரியில் வளாக வேலைச் சம்பளம். உண்மையான தள்ளுபடி 17,000. பதினோரு ஆண்டு இதே துறையில் இருந்த எனக்கே மாலையில் கண்ணில் படவில்லை. பேனாவால் கோடு போட்டுக் கழித்தேன். மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. கடைசியில் பட்டியலில் இன்னும் கீழே இருந்த வேறொரு கல்லூரிக்குப் போனாள். வேதியியல் படித்தாள், இரண்டாமாண்டுக் கோடையிலேயே ஆசிரியரோடு ஆய்வகத்தில் வேலை செய்தாள். ஆசிரியருக்கு உதவ முனைவர் மாணவர்கள் யாரும் அங்கே இல்லை, அதனால் அந்த வேலை இளநிலைப் பிள்ளைக்கு வந்தது.

ஐயா, உங்கள் கடிதத்தில் 42,000-ம் திருப்பித் தர வேண்டாத பணம்தானா என்று பாருங்கள். நான்கு ஆண்டும் தொடருமா? எத்தனை மதிப்பெண் எடுத்தால் தொடரும்? கட்டணம் ஆண்டுதோறும் ஏறும்போது உதவியும் ஏறுமா, அப்படியே நிற்குமா? மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதற்கு மதிப்பில்லை.

ஏப்ரல் 13

விடுபட்டது. பொருளாதாரம் என்றால் இதையும் கேளுங்கள்: அந்தப் படிப்புக்கு அமெரிக்க அரசின் பாட வகைப்பாட்டு எண் 45.0603-ஆ? கணித, புள்ளியியல் முறை சார்ந்த பொருளாதாரம் என்று பதிவு செய்திருந்தால், படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓராண்டு வேலை அனுமதியோடு இன்னும் 24 மாதம் நீட்டிப்பு கேட்கலாம். சாதாரணப் பொருளாதார எண்ணாக இருந்தால் ஓராண்டுதான். பாடம் ஏறக்குறைய ஒன்றே, எண்தான் வேறு. பல கல்லூரிகள் மாற்றிக்கொண்டுவிட்டன. உயிரியலுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மே 2

கோவை ஐயா எழுதியிருக்கிறார். நேற்று முன்பணம் கட்டிவிட்டார்கள், சிறு கல்லூரிக்கே. ஐந்து ஆண்டுக் கணக்கையும் மகளே உட்கார்ந்து எடுத்தாளாம். முதலாண்டு மாணவர் எண்ணிக்கை 430-ஐ ஒட்டி நிலையாக இருக்கிறது, திரும்பி வருபவர்கள் நூற்றுக்கு 88. உதவி நான்கு ஆண்டும் தொடரும், மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.0-க்குக் குறையக் கூடாது என்று எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் தொகை ஏறாது. ஆகவே நான்காம் ஆண்டில் கையிலிருந்து போடுவது முதலாண்டைவிட அதிகமாக இருக்கும். இப்போதே எழுதி வையுங்கள் ஐயா.

உயிரியல் ஆசிரியர் ஒருவர் அவளுக்குத் தனியாக மின்னஞ்சல் எழுதி, எந்தப் பூச்சிகளைப் பார்க்கப் பிடிக்கும் என்று கேட்டாராம். படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

மே 28

மனம் சரியில்லை. மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதிகள் தருவதை உலகம் முழுவதும் நிறுத்திவைக்கச் சொல்லி அமெரிக்க அரசு தன் தூதரகங்களுக்கு எழுதியிருக்கிறது. கோவை ஐயா இன்னும் தேதி வாங்கவில்லை. கல்லூரி அனுப்பும் சேர்க்கைச் சான்றான ஐ-20 படிவம் வந்துவிட்டதா, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டியாகிவிட்டதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். விசா தளத்தைக் காலையும் மாலையும் பாருங்கள். தேதி திறந்த அன்றே எடுத்துவிட வேண்டும். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு இன்றே எழுதி, வகுப்பு தொடங்கி எத்தனை நாள் தாமதமாக வரலாம், வர முடியாவிட்டால் உதவித்தொகையை ஜனவரிக்கு ஒத்திவைப்பார்களா என்று கேளுங்கள். சிறு இடம், பதில் சீக்கிரம் வரும்.

ஜூன் 20

விசா நேர்காணல் தேதிகளை மறுபடி திறக்கிறார்கள். சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று நிபந்தனை. பதினேழு வயதுப் பெண்ணின் படங்களையும் எழுத்துகளையும் அதிகாரி ஒருவர் புரட்டிப் பார்ப்பார் என்பது எனக்குக் கசக்கிறது. ஆனாலும் செய்யாமல் விட முடியாது.

ஜனவரிக்கு ஒத்திவைக்கலாம், உதவியும் அப்படியே இருக்கும் என்று கல்லூரி இரண்டே நாளில் எழுதிவிட்டதாம்.

ஜூலை 11

சென்னையில் அடுத்த வாரம் நேர்காணல். ஐயா, அந்த உதவித்தொகைக் கடிதத்தின் அச்சுப் பிரதியையும் 'நான்கு ஆண்டும் தொடரும்' என்ற மின்னஞ்சலையும் ஐ-20-க்கு மேலேயே வைத்துக் கொடுத்தனுப்புங்கள். எழுபதாவது இடம் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். யார் பணம் கட்டுகிறார்கள், ஏன் இந்தக் கல்லூரி என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்கு அந்தப் பூச்சி மின்னஞ்சலைப் பற்றி அவள் தன் வார்த்தையில் சொல்லட்டும்.